விளக்கெல்லாம் பச்சை, ஒரு தளமும் திறக்கவில்லை: டிஎன்எஸ் போனால் நாம் என்ன செய்ய முடியும்?

கேள்வி: மலையோர இ-சேவை

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்திலிருந்து திருவட்டார் போகும் வழியில் சின்னதாக ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஸ்கேனர், ஆதாருக்கு விரல்ரேகை வைக்கிற கருவி. நெட் எங்கள் ஊர்க் கேபிள்காரர் வழியாக வருகிற ஃபைபர் லைன். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, எனக்கு வேண்டியது வழிதான்.

நேற்றுக் காலை கடை திறந்ததிலிருந்து ஒரு தளமும் திறக்கவில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தளம், பட்டா எடுக்கும் தளம், வங்கி, எதுவுமே இல்லை. சர்வரின் ஐபி முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று க்ரோம் சொல்கிறது. அதன் கீழே டிஎன்எஸ் புரோப் என்று தொடங்கும் நீளமான ஆங்கில வரி. ரூட்டரைப் பார்த்தால் எல்லா விளக்கும் பச்சை, சிவப்பு எதுவும் எரியவில்லை. என் போனை அதே வைஃபையில் போட்டால் வாட்ஸப் செய்தி போகிறது, வருகிறது. பக்கத்து அறையில் பையன் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ தடையில்லாமல் ஓடி முடிந்தது. அடுத்ததைத் தட்டினால் சுற்றிக்கொண்டே நின்றது. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. லைன் போயிருந்தால் எல்லாம் போயிருக்க வேண்டும் அல்லவா?

கஸ்டமர் கேருக்குப் பேசினேன். "உங்கள் பகுதியில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை மேடம், ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன், மாற்றமில்லை. கேபிள்காரர் நல்ல மனிதர், கூப்பிட்டதும் வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்கு அக்கா, மைனஸ் 21 காட்டுது, இது மேலே உள்ள பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே என்றால் யார், எங்கே, எப்போது சரியாகும்? அது அவருக்கும் தெரியவில்லை.

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அந்த அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். விடியும் முன்பே போய் வெட்டி, பாலெடுத்து ஒப்படைத்துவிட்டு, மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் எடுக்க பஸ் பிடித்து வந்திருக்கிறார். கவுன்சிலிங் நெருங்குகிறது. போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்றேன். எங்கள் கடை ரப்பர் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. ஸ்கேன் செய்த கோப்பு ஏறுவதற்குள் தளம் நம்மை வெளியே தள்ளிவிடுகிறது. சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் நேரம் ஆனதும் போய்விட்டார்கள். "சர்வர் இல்லை" என்று வருகிறவர்களிடம் சொல்ல எனக்குக் கூசுகிறது. அந்தப் பதிலைக் கேட்டு அவர்கள் பழகிப்போயிருப்பதைப் பார்க்கும்போது மனசு இன்னும் கஷ்டப்படுகிறது.

ராத்திரி தானாகச் சரியானது. இன்று காலையிலும் கொஞ்ச நேரம் அதேபோல் போய், திரும்ப வந்துவிட்டது. மறுபடி வரும் என்றுதான் தோன்றுகிறது. இது டிஎன்எஸ் கோளாறுதான் என்று நானே உறுதி செய்துகொள்வது எப்படி? கம்பெனி சரிசெய்யும் வரை காத்திருக்காமல் வேலையை ஓட்ட வழி உண்டா? கடையில் அரசுத் தளங்களும் ஆதார் கருவியும் இருப்பதால், எதையாவது மாற்றி அவை நின்றுபோய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

*

பதில்: தக்கலை ஜாயிண்ட்

அக்கா, நான் தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல் பக்கமெல்லாம் ஃபைபர் ஜாயிண்ட் போடுகிற வேலையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, இது டிஎன்எஸ்தான். உங்கள் கேபிள்காரர் சொன்னது சரி. மைனஸ் 21 என்பது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு, நல்ல அளவுதான். மைனஸ் 27-ஐத் தாண்டினால்தான் நாங்கள் கவலைப்படுவோம். மரம் விழுந்து வயர் அறுந்திருந்தால் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னும். பச்சையாக இருந்தால் உங்கள் பெட்டிக்கும் கம்பெனி எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் ஒளி ஒழுங்காகப் போய் வருகிறது.

நம்ம ஊரில் எத்தனையோ பேருடைய வீடு கதவு எண்ணைச் சொன்னால் கிடைக்காது, வீட்டுப்பேரைச் சொன்னால் தபால்காரர் நேராகப் போய் நிற்பார். நெட்டில் இது தலைகீழ். நாம் பெயரைத்தான் அடிக்கிறோம், ஆனால் கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி என்கிற எண் தெரிந்தால்தான் வழி தெரியும். பெயரை எண்ணாக மாற்றிச் சொல்கிற சர்வருக்குப் பெயர்தான் டிஎன்எஸ். உங்கள் கம்பெனி அப்படி ஒன்றிரண்டு சர்வர்களை எங்கோ ஒரு நகரத்தில் வைத்திருக்கும். ரூட்டர் ஆன் ஆகும்போது அவற்றின் எண்ணைத் தானாக வாங்கிக்கொள்ளும். அந்த சர்வர் படுத்தால் சாலை திறந்தே இருக்கும், போகும் இடம் மட்டும் தெரியாது.

வாட்ஸப் ஓடியதும் வீடியோ முடியும் வரை ஓடியதும் இதனால்தான். முன்பே பேச்சு தொடங்கிவிட்ட செயலிகளின் கையில் எண் இருக்கிறது, அவை மறுபடி யாரிடமும் கேட்பதில்லை. கம்ப்யூட்டரும் ஒருமுறை கேட்டு வாங்கிய எண்ணைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை அந்தந்தத் தளக்காரர்தான் முடிவு செய்கிறார். சிலது சில நிமிஷம், சிலது ஒரு நாள். அதனால் டிஎன்எஸ் போனால் ஒரே அடியாக எல்லாம் நிற்காது, ஒவ்வொன்றாக விழும். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் குழம்பி, கம்ப்யூட்டருக்கு வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்யக் கொண்டுபோகிறார்கள்.

உறுதி செய்ய ஒரு வழி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற, கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 போட்டு என்டர் தட்டுங்கள். அடுத்து அதே பிங்குக்குப் பின்னால் கூகுள் முகவரியைப் போட்டுத் தட்டுங்கள். முதலாவதற்குப் பதில் வருகிறது, இரண்டாவதற்கு அப்படி ஒரு ஹோஸ்ட் இல்லை என்கிறது என்றால் டிஎன்எஸ்தான், வேறு சந்தேகமே வேண்டாம். இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் அது லைன் பிரச்சினை, எங்களைக் கூப்பிடுங்கள்.

இனி மாற்று வழி. கம்பெனி சர்வரிடம்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக இலவசமாகத் திறந்துவைத்த டிஎன்எஸ் உண்டு. கூகுளுடையது 8.8.8.8, துணைக்கு 8.8.4.4, 2009-லிருந்து ஓடுகிறது. கிளவுட்ஃபிளேர் நடத்துவது 1.1.1.1, 2018-இல் வந்தது. குவாட்9 என்பது 9.9.9.9, ஏமாற்றுத் தளம் என்று தெரிந்த பெயர்களுக்கு அது வழி சொல்லாது. உங்களைப் போல ஆட்கள் வந்துபோகிற கடைக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

ரூட்டர் பக்கத்தில் நுழைய உங்களிடம் பாஸ்வேர்டு இருந்தால் அங்கேயே மாற்றலாம். பெரும்பாலும் 192.168.1.1. லேன், டிஹெச்சிபி என்று இருக்கும் பகுதியில் முதல் டிஎன்எஸ், இரண்டாம் டிஎன்எஸ் என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் எண்ணைப் போடாதீர்கள். 9.9.9.9 ஒன்றில், 8.8.8.8 இன்னொன்றில். பெரிய நிறுவனம் என்றால் விழாது என்று நினைக்கக்கூடாது. 2025 ஜூலை 15, நம் நேரத்துக்கு அதிகாலையில், 1.1.1.1 உலகம் முழுக்க ஒரு மணி நேரம் போல நின்றது. தங்கள் பக்கம் செய்த ஓர் அமைப்புப் பிழைதான் காரணம் என்று அவர்களே எழுதினார்கள்.

முதல் கட்டத்தில் கம்பெனி எண்ணும் இரண்டாவதில் கூகுள் எண்ணும் போட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. முதல் சர்வர் வாயே திறக்காமல் இருந்தால் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இரண்டாவதிடம் போகும், அதனால் ஒவ்வொரு பக்கமும் இழுக்கும். முதல் சர்வர் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று தவறான பதிலைக் கொடுத்துவிட்டாலோ இரண்டாவதிடம் கேட்கவே போகாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ரூட்டரின் பின்னால் ஊசி விட்டு அழுத்துகிற சின்ன ஓட்டை இருக்கும். அதைத் தொடாதீர்கள். கஸ்டமர் கேரில் சிலர் அதையும் அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தினால் உங்கள் லைனுக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாம் அழிந்துவிடும். டிஎன்எஸ் சரியானபிறகும் உங்களுக்கு நெட் வராது, ஆள் வந்து திரும்பப் போட வேண்டும். மழைக்காலத்தில் எங்களுக்கு வருகிற அழைப்பில் இப்படி அழுத்திவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் வியாபாரம் போய்விடுகிறது.

*

பதில்: குளச்சல் பிரவுசிங்

இவ்வளவு தூரம் போக வேண்டாம் சிஸ்டர். க்ரோமிலேயே அமைப்புகளில் தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற இடத்தில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து, பட்டியலில் கூகுளையோ கிளவுட்ஃபிளேரையோ தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் உண்டு. ரூட்டரைத் தொடாமலே வேலை நடக்கும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

போனுக்கும் ஒரு வழி. ஆண்ட்ராய்டு 9-லிருந்து நெட்வொர்க் அமைப்புக்குள் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று இருக்கிறது. அங்கே எண் போட முடியாது, பெயர்தான் போட வேண்டும். ஆங்கிலத்தில் ஒன் என்ற சொல்லை எழுத்தில் நான்கு முறை, நடுநடுவே புள்ளி வைத்து அடித்தால் அது கிளவுட்ஃபிளேருக்குப் போகும்.

*

பதில்: தக்கலை ஜாயிண்ட்

குளச்சல் அண்ணன் சொன்னது பிரவுசிங் மட்டும் பார்க்கிற இடத்துக்குச் சரி. அக்காவின் கடையில் விரல்ரேகைக் கருவி இருக்கிறது. அதற்கான ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் பிரவுசருக்கு வெளியே தனியாக ஓடுகிறது, கருவி செய்த கம்பெனியின் சர்வரோடு அது பேச வேண்டும். க்ரோமில் மாற்றினால் க்ரோமுக்கு மட்டும்தான் வழி தெரியும். தளம் திறக்கும், விரல் வைக்கும்போது கருவி தயாராக இல்லை என்று நிற்கும். அதனால் விண்டோஸிலோ ரூட்டரிலோ மாற்றுவதே நல்லது.

போனில் தனிப்பட்ட டிஎன்எஸ் போடுகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்கணும். அங்கே பெயரைக் கொடுத்துவிட்டால் போன் வேறு யாரிடமும் கேட்காது. அந்தச் சேவை நின்றால் வைஃபை, சிம் டேட்டா இரண்டிலும் எதுவும் திறக்காது. அப்போது அதை தானியங்கு என்று மாற்றிவிட்டால் போதும்.

*

பதில்: மலையோர இ-சேவை

தம்பி, குளச்சல் அண்ணன், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரூட்டர் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை, கேபிள்காரர் கம்பெனியிடம் கேட்டுத் தருவதாகச் சொன்னார். அதுவரைக்கும் விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டருக்குள் போய் ஐபிவி4 பகுதியில் 9.9.9.9, 8.8.8.8 என்று இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்தேன்.

இன்று மத்தியானம் மறுபடி போனது. கேபிள்காரர் வீட்டிலும் எதிரே உள்ள மெடிக்கல் ஸ்டோரிலும் எதுவும் இல்லை. என் கடையில் முதல் கம்ப்யூட்டர் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது! தளம் திறந்தது, ஓடிபி போட்டு உள்ளே போனேன், விரல்ரேகையும் எடுத்தது. மெடிக்கல் ஸ்டோர்க்காரர் தன்னுடைய பில்லிங்குக்கும் இதைப் போட்டுத் தரச் சொல்லிவிட்டார்.

ஆனால் இரண்டாவது கம்ப்யூட்டர் பழையபடியே. அதே எண்களைத்தான் போட்டிருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டேன். பிங் 8.8.8.8-க்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை. அது விண்டோஸ் 11, போன வருஷம் வாங்கியது. முதலாவது பழைய விண்டோஸ் 10. இதற்கு என்ன காரணம்?

*

பதில்: களியக்காவிளை டு கழக்கூட்டம்

நான் மார்த்தாண்டத்துக்காரன், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நெட்வொர்க் வேலை. தக்கலை நண்பர் சொன்னது எல்லாம் சரி. விட்டுப்போனது ஐபிவி6. நெட்டில் எண் கொடுக்க இரண்டு முறை உண்டு, பழையது ஐபிவி4, புதியது ஐபிவி6.

இப்போது நிறைய ஃபைபர் லைன்களில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் ஐபிவி4-இல் மட்டும் எண்ணை மாற்றியிருக்கிறீர்கள். ஐபிவி6 பக்கம் தானியங்கியாகவே இருப்பதால் ரூட்டர் அங்கே கம்பெனி டிஎன்எஸ்ஸைத்தான் கொடுக்கும். விண்டோஸ் பெரும்பாலும் ஐபிவி6 பக்கம்தான் முதலில் கேட்கும். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டிருக்கலாம், அதனால் அது தப்பித்தது.

டிக்கை எடுக்க வேண்டாம். அதே அடாப்டர் பக்கத்தில் ஐபிவி6 என்ற வரியைத் திறந்து, டிஎன்எஸ் கட்டத்தில் 2001:4860:4860::8888 என்று போடுங்கள், அது கூகுளுடையது. இரண்டாவதில் 2001:4860:4860::8844 போடலாம். ஐபிவி4-இல் குவாட்9 வேறு இருப்பதால் ஒரே நிறுவனத்தை நம்பி இருப்பதாகவும் ஆகாது. முடிந்ததும் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்ற பதிலையும் விண்டோஸ் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும், அது போக வேண்டும்.

இன்னொரு கோளாறும் நடக்கலாம், இப்போதே சொல்லிவைக்கிறேன். சில கம்பெனிகள் நாம் எந்த எண்ணைப் போட்டாலும் டிஎன்எஸ் கேள்விகளை வழியிலேயே மறித்துத் தங்கள் சர்வருக்குத் திருப்பிவிடுகின்றன. டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாக 53 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், மறைப்பில்லாமல் போவதால் இது எளிது. அப்படி நடக்கிறதா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்கப், இடம், ஏதாவது ஒரு தளத்தின் பெயர், இடம், 192.0.2.1 என்று அடியுங்கள். அந்த எண் பாடங்களிலும் ஆவணங்களிலும் உதாரணம் காட்டுவதற்காக ஒதுக்கி வைத்தது, அங்கே எந்த சர்வரும் கிடையாது. அதனால் பதில் வரக்கூடாது. வந்தால் நடுவில் யாரோ பதில் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது விண்டோஸ் 11-இல் டிஎன்எஸ் எண் போடுகிற இடத்துக்குக் கீழேயே உள்ள டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் என்பதை ஆன் செய்யுங்கள். கேள்வி மறைப்போடு 443 போர்ட்டில், மற்ற இணையதளப் போக்குவரத்தோடு கலந்து போகும், எளிதில் மறிக்க முடியாது.

இந்த வழியெல்லாம் எல்லாத் தளங்களும் ஒன்றாகப் போகும்போதுதான் உதவும். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் திறக்கிறது என்றால் பெரும்பாலும் அந்தத் தளத்தின் பக்கம்தான் கோளாறு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ராத்திரி ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் போனது நினைவிருக்கும். அன்றைக்கு அவர்களுடைய சொந்த டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகிற பாதையே நெட்டிலிருந்து காணாமல் போயிற்று. 8.8.8.8-ஐக் கேட்டாலும் 1.1.1.1-ஐக் கேட்டாலும் பதில் கிடைத்திருக்காது, ஏனென்றால் அவர்களும் கடைசியில் ஃபேஸ்புக்கின் சர்வரிடம்தான் கேட்டாக வேண்டும். நம் அரசுத் தளங்களுக்கும் இதே கணக்குதான்.

கடைசியாக, தெரியாத ஆள் வந்து "நெட் வேகமாகும்" என்று ஒரு டிஎன்எஸ் எண்ணைச் சொன்னால் போடாதீர்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்று ஒரு தீம்பொருள் இருந்தது. கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, கேட்ட பெயர்கள் சிலவற்றுக்குத் தங்களுக்கு வேண்டிய தளங்களுக்கும் விளம்பரங்களுக்கும் வழி சொல்லும். 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் ஏறியிருந்தது. 2011 நவம்பரில் அந்தக் கும்பலைப் பிடித்தார்கள். அந்த சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும் என்பதால், அந்த இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். உங்கள் மையத்தில் ஊர் ஜனங்களின் ஆதாரும் வங்கிக் கணக்கும் புழங்குகிறது. ரூட்டர் பாஸ்வேர்டு கையில் வந்ததும் முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு டிஎன்எஸ்ஸை.

*

பதில்: வடசேரி வாடிக்கையாளர்

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, ஆனால் கேள்வியில் "எந்தக் கோளாறும் பதிவாகவில்லை" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாம் வழி கண்டுபிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் அவர்கள் ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். எண்ணை மாற்றத் தெரியாத மற்ற வீடுகளும் கடைகளும் அப்படியே கிடக்கும்.

அதனால் சகோதரி, போனில் சொன்னதோடு விடாதீர்கள். புகார் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். எண் கொடுப்பது அவர்கள் கடமை. "நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் லைனைச் சோதித்துப் பச்சை காட்டுகிறது என்று மூடிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "என் லைன் இணைப்பில் இருக்கிறது. எண்ணுக்கு பிங் போகிறது. உங்கள் டிஎன்எஸ் சர்வர் பெயர்களுக்குப் பதில் தரவில்லை. வேறு டிஎன்எஸ் போட்டால் எல்லாம் திறக்கிறது. என் பகுதியில் மற்றவர்களுக்கும் இதே நிலை." நேரத்தையும் சேர்த்து எழுதி, திரையைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். கேபிள்காரர், மெடிக்கல் ஸ்டோர்க்காரர், நீங்கள், மூன்று பேரும் தனித்தனியாகப் பதிவு செய்தால் அதற்குக் கனம் கூடும்.

பதிலில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு டாக்கெட் எண்ணோடு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் இந்த இரண்டு கட்டத்தையும் வைத்திருக்க வேண்டும். டிராய் தனி ஆள் புகாரைத் தானே விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் சொல்லலாம்.

*

பதில்: மலையோர இ-சேவை

ஐபிவி6 எண்ணைப் போட்டேன், இரண்டாவது கம்ப்யூட்டரும் ஓடுகிறது. 192.0.2.1 வைத்தும் பார்த்தேன், பதில் வரவில்லை. யாரும் மறிக்கவில்லை என்று மனசு லேசானது. ரூட்டர் பாஸ்வேர்டும் கிடைத்துவிட்டது, மார்த்தாண்டம் சார் சொன்னபடி முதலில் அதை மாற்றிவிட்டேன்.

புகாரை அப்படியே அந்த வார்த்தைகளில் எழுதி அனுப்பினோம், மூன்று பேரும். இந்த முறை எழுத்தில் பதில் வந்தது: டிஎன்எஸ் சர்வரில் கோளாறு இருந்தது உண்மை, மாற்று சர்வர் வைத்திருக்கிறோம். எத்தனை நாளாக இருந்தது, ஏன் முன்பே சொல்லவில்லை என்பதற்குப் பதில் இல்லை. அதைக் கேட்டு மேல்முறையீட்டுக்கு எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வருகிறார்கள்.

*

பதில்: முட்டம் கரை

இந்தத் திரியைப் பார்த்து நானும் ரூட்டரில் டிஎன்எஸ் மாற்றினேன். பிரவுசிங் நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கம்பெனி கொடுத்த டிவி பெட்டியில் சேனல் வரமாட்டேன் என்கிறது, பணம் கட்டுகிற அவர்கள் பக்கமும் திறக்கவில்லை. வீட்டில் அப்பா செய்தி பார்க்க முடியாமல் இருக்கிறார். என்ன செய்யலாம்?

*

பதில்: தக்கலை ஜாயிண்ட்

அது சில கம்பெனிகளில் நடக்கும் தம்பி. டிவி சர்வர், பணம் கட்டும் பக்கம் ஆகியவற்றின் பெயர்களை அவர்கள் தங்கள் டிஎன்எஸ்ஸில் மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். வெளியே உள்ள 8.8.8.8-க்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ரூட்டரில் டிஎன்எஸ்ஸைத் திரும்பத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரிலும் போனிலும் மட்டும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் ஐபிவி6-ஐயும் சேர்த்து. டிவி பெட்டியைச் சுவிட்சில் அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போட்டால் பழைய எண்ணை வாங்கிக்கொள்ளும். பணம் கட்டும்போது போனில் டிஎன்எஸ்ஸைத் தானியங்குக்கு மாற்றி, அதே வைஃபையில் வைத்துப் பாருங்கள், திறக்கவில்லை என்றால் கேபிள்காரரிடமே கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.